பாறசாலையில் இறங்கிய நாய்

எங்கள் ஹயர் செகண்டரி பள்ளியிலிருந்து திருவனந்தபுரத்து ஆங்கில முகாமுக்குப் போவதென்றால் விஜயம்மா டீச்சர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: வாசிப்பதிலும் கேட்பதிலும் பத்துக்குக் குறைந்தது ஏழு எடுக்க வேண்டும். நான் எடுத்துவிட்டேன். என் தோழி ரெஜிலா வாசிப்பில் என்னைவிட அதிகம்; கேட்பதில் மூன்று. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அவள் இல்லாமல் ஒரு வாரம் யார் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவது என்பது என் கவலை. அவள் கவலை அதைவிடப் பெரிது. வீட்டைவிட்டு வெளியே தங்கியே அறியாதவள், கொண்டுபோகும் பையைத் துவைத்து வெயிலில் காயவைத்துவிட்டாள்.

பயிற்சிக்காக டீச்சர் ஸ்பீக்கரில் ஒரு ரயில் நிலைய உரையாடலை ஓடவிட்டார். ரெஜிலா முதல் வாக்கியத்தைக் கூர்ந்து கேட்டாள். பிறகு யாரோ வரப்போவதுபோல நிம்மதியாகச் சாய்ந்து வாசலைப் பார்த்தாள். அதற்குள் ஸ்பீக்கரில் பேச்சு எங்கேயோ போய்விட்டது.

"எட்டி, ஆருக்குக் காத்திருக்க?" என்று கேட்டேன்.

"ஒரு வரி கேட்டா, அடுத்தாப்புல தமிழ் வரும்னு இருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் அப்பா எலியா மாமன் அம்பூரியில் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர். அவர்கள் சபையில் கன்வென்ஷன் என்ற நற்செய்திக் கூட்டம் நடந்தால் மொழிபெயர்ப்பது அவர்தான். வெளிநாட்டுப் போதகர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார்; மாமன் அதைத் தமிழில் சொல்வார்; அதன் பிறகே அடுத்த வாக்கியம். ரெஜிலா பிறந்ததுமுதல் கேட்ட ஆங்கிலமெல்லாம் அப்படி நின்று நின்று வந்த ஆங்கிலம்.

அந்த வாரமும் கன்வென்ஷன் இருந்தது. புதன்கிழமை மாலை அவளோடு நானும் போனேன். ஆஸ்திரேலியப் போதகர் தம் வீட்டு நாய் ஓடிப்போனதையும், கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்ததையும், அது திரும்பி வந்ததையும் சொன்னார். மாமனின் தமிழில் அந்த நாய் களியக்காவிளையில் பஸ் ஏறி, டிக்கெட் கேட்ட கண்டக்டரைப் பார்த்துக் குரைத்து, பாறசாலையில் இறங்கியது. பந்தல் குலுங்கியது. தம் நாய்க்கு இங்கே இத்தனை மதிப்பா என்று போதகரும் சேர்ந்து சிரித்தார்.

"அவரு பஸ்னு ஒண்ணும் செல்லல்லியே" என்றேன் அவள் காதில்.

ரெஜிலா திரும்பினாள். "பின்ன அந்தக் கண்டக்டரு?"

"கண்டக்டரும் இல்ல மக்கா."

அவள் பார்வை மேடையில் நின்ற அப்பாவிடம் போயிற்று. இத்தனை வருடம் கேட்ட வெளிநாட்டுக் கதைகளில் எதெல்லாம் அப்பாவின் சரக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தாள்போல.

சபை அந்தக் கூட்டத்தை யூடியூபில் போட்டிருந்தது. எங்கள் வகுப்பு பிரதீஷ் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பழகியவன். தமிழை மட்டும் எடுத்துவிட்டு ஆங்கிலத்தை ஒட்டித் தரச் சொன்னோம். "ஒனக்க அப்பனை வெட்டணும், அம்புட்டுதானே" என்றவன், வியாழக்கிழமை காலையில் அனுப்பிவிட்டான். இப்போது ஆங்கிலம் நிற்காமல் ஓடியது. நான் கேட்டு எழுதிய தாளை வாசித்தபடியே அவள் முதலில் கேட்டாள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். முதல் தடவை நாய் ஓடிப்போனது மட்டும் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் நாய் வீடு திரும்பிவிட்டது.

கடையிலிருந்து ரப்பர் வாடையோடு வந்த எலியா மாமன் வாசலில் நின்று செவிகொடுத்தார்.

"இதுல என்னைக் காணல்லியே?"

"வெட்டியாச்சு அப்பா. அந்த பஸ்ஸு ஒங்களுக்கது ஆக்கும், இல்லியா?"

மாமன் சற்றும் அசரவில்லை. "நாய் சும்மா நடந்து வந்தா நம்ம ஆளுவ சிரிக்குமா மக்கா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் ஓடவிட்டது, விமான நிலையத்தில் பெட்டியைத் தொலைத்த ஒரு பெண்ணின் பேச்சு. ரெஜிலா ஒரு தடவைகூட வாசலைப் பார்க்கவில்லை. எட்டு மதிப்பெண். டீச்சர் விடைத்தாளை இன்னொரு தடவை திருத்திப் பார்த்தார், அப்போதும் எட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை கன்வென்ஷனின் கடைசிக் கூட்டம். நாங்கள் முன்வரிசையில் இருந்தோம். சிறுவயதில் ஆற்றில் தொப்பியை விட்ட கதையைப் போதகர் சொன்னார். மாமன் வாயைத் திறந்தார், மகளைப் பார்த்தார், போதகர் சொன்னதை மட்டும் சொன்னார். தொப்பி ஆற்றோடு போயிற்று. பந்தலில் ஒருவரும் அசையவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். போதகர் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

மாமன் மறுபடியும் ரெஜிலாவைப் பார்த்தார். அவள் ஷால் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு, சரி போகட்டும் என்று தலையை ஆட்டினாள்.

தொப்பி உடனே நெய்யாற்றில் இறங்கி, பூவாரில் ஒரு படகுக்காரன் தலையில் ஏறி, சுற்றுலா வந்தவர்களுக்கெல்லாம் சலாம் போட்டது. பந்தல் குலுங்கியது. எல்லாருக்கும் முன்னால் சிரித்தது ரெஜிலாதான்.