பதினேழு படிக்கு ஒரு கைப்பிடி

எனக்கு அவசர புத்தி. கல்யாணமான மூன்றாம் நாளே என் மனைவி செல்லக்கனி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் புத்தியால்தான் 2005 ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சேரப்பணஞ்சேரியில் ஒரு தெருவையே போராட்டத்துக்கு இறக்கிவிட்டேன்.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கம். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. குடியிருந்தது கோதண்டராமன் வீட்டு மாடியில். ஏற வெளிப்பக்கமாகப் பதினேழு படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. கைப்பிடி வைக்கச் சொல்லி மூன்று முறை கேட்டாயிற்று.

"இன்னொரு மாடி எடுக்கப்போறேன்பா. இப்போ கம்பி வெச்சா செங்கல் ஏத்தறப்போ இடிக்கும். மேல கட்டிட்டு மொத்தமா வெச்சுக்கலாம்" என்பார். அந்த இன்னொரு மாடிக்கு விட்ட கம்பிகள் மொட்டை மாடியில் துருப்பிடித்து நின்றன.

செல்லக்கனிக்கு நிறைமாதம். அவளுக்கு அம்மா இல்லை, அதனால் தலைப்பிரசவமும் இங்கேதான். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள். தண்ணீர் பிடிக்க, கக்கூஸ் போக, எல்லாவற்றுக்கும் கீழே இறங்க வேண்டும். வியாழக்கிழமை மழையில் படியில் கால் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடியில்லை. ஆனால் அன்றைக்கு நான் பயந்த பயம் ஏழு ஜென்மத்துக்குப் போதும். இனி கோதண்டராமனைக் கேட்பதாக இல்லை, நாமே மாட்டிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் எழிலரசன் உள்ளூர்க்காரன், கைதேர்ந்த வெல்டர். படப்பையில் அவன் சித்தப்பா பட்டறையில் இரண்டே நாளில் கைப்பிடியை அடித்து முடித்துவிட்டான். படியில் ஆறு இடத்தில் துளை போட்டு போல்ட் முறுக்கினால் தீர்ந்தது. ஞாயிறு காலை கோதண்டராமன் மனைவியோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போகிறார். அவர் பந்தியில் உட்காரும் நேரம் நாங்கள் மாட்டி முடித்திருப்போம். மாட்டினதைக் கழற்றவா போகிறார்? நினைக்க நினைக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் துளை போடும் இடங்களைக் குறித்தேன். எங்கள் லைனில் குறிக்காமல் துளை போட்டால் சூப்பர்வைசர் தோலை உரித்துவிடுவார். அந்தப் பழக்கத்தில் மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் வட்டம், அதற்குள் பெருக்கல் குறி, பக்கத்தில் ஒன்று முதல் ஆறு வரை நம்பர், கீழ்ப்படியில் அம்புக்குறி, தேதி எல்லாம் போட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கீழே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தேன். பட்டு வேட்டியோடு கோதண்டராமன் முதல் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"போச்சு சின்னப்பொண்ணு, வூட்டையும் எடுக்கறானுங்க. நம்பர் போட்டுட்டுப் பூட்டானுங்க பாரு" என்று மனைவியிடம் புலம்பினார்.

நான்கு வருடத்துக்கு முன் அவருடைய கழனியைக் கம்பெனிகளுக்காகச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அப்போதும் முதலில் வரப்புக் கல்லில் மஞ்சள் நம்பரும் அம்புக்குறியும்தான் வந்தன. பிறகு நோட்டீஸ், பிறகு ஜேசிபி. அந்த ஊரில் மஞ்சள் நம்பரைப் பார்த்தவனுக்குச் சோறு இறங்காது. என் கைவேலையைப் பார்த்துத்தான் அந்த மனிதர் அழுகிறார் என்று எனக்கு உறைக்க அரை நிமிடம் ஆனது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் தெரு கூடிவிட்டது.

"எவன் வந்து எடுக்கறான்னு பார்த்துடலாம், ஒக்காருங்கடி" என்று எதிர்வீட்டு முனியம்மாள் இரண்டாம் படியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் பதினேழு படியும் நிறைந்துவிட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து எழிலரசனின் லோடு ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. உள்ளே இரும்பு, டிரில்லிங் மெஷின் எல்லாம். "வந்துட்டானுங்க" என்று ஒரு கூச்சல். எழிலரசன் அங்கேயே பிரேக் போட்டு, அங்கிருந்தே என்னைப் பார்த்தான். வராதே என்று கை காட்டினேன்.

"அத்தான்" என்று உள்ளிருந்து செல்லக்கனி கூப்பிட்டாள். சுவரைப் பிடித்தபடி நின்றாள். "பனிக்கொடம் ஒடஞ்சிட்டு. வலிக்கி."

வெளியே ஓடி வந்து, "அண்ணாச்சி, இவளுக்கு வலி வந்துட்டு. எல்லாரும் எந்திரிங்க" என்று கத்தினேன்.

எல்லாரும் எழுந்து இறங்கப் பார்த்தார்கள். தூறல் பிடித்திருந்தது, படி நனைந்து கிடந்தது. சின்னப்பொண்ணு மேலே நின்ற செல்லக்கனியைப் பார்த்தாள். வெறும் காற்றாக இருந்த அந்தப் பக்கத்தையும் பார்த்தாள்.

"எவளும் எறங்காத. அந்தாண்ட ஓரமா நில்லுங்க, கையைக் கோத்துக்கினு" என்றாள்.

அப்படியே நின்றார்கள், படிக்கு ஒருத்தராக, வெட்டவெளிக்கு முதுகு காட்டி. கோதண்டராமனும் ஏறி எட்டாவது படியில் நின்றுகொண்டார். நான் முன்னால் பின்புறமாக இறங்க, செல்லக்கனி ஒவ்வொரு தோளாகப் பிடித்து இறங்கினாள். எட்டாவது படியில் வலி வந்து மடங்கி, மொத்தப் பாரமும் கோதண்டராமன் மேல் சாய்ந்தாள். அவருடைய குதிகால் பாதி படிக்கு வெளியே இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார், அசையவில்லை. மேல்படிக்காரரும் கீழ்ப்படிக்காரரும் அவர் கையை விடவில்லை. வலி ஓய்ந்ததும் அவள் நிமிர்ந்தாள். மீதிப் படிகளையும் இறங்கி முடித்தோம்.

யாரோ ஷேர் ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். அவளை ஏற்றிவிட்டேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, அந்த நம்பர் நான் போட்டது. கைப்பிடி மாட்டத்தான். உங்களக் கேக்காமச் செஞ்சிட்டேன்."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் எட்டாவது படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"காலைலேர்ந்து வூடு போச்சேன்னு அழுதுக்கினு கீறேன். அந்தப் பொண்ணு மேல சாஞ்சப்போ, வூடு போனா போவட்டும், இது பொழைச்சா போதும்னு வேண்டிக்கினேன்டா. நீ போ, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ."

சின்னப்பொண்ணு செல்லக்கனியின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் மேலே ஓடி ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துவந்து டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொள்வதற்குள் எழிலரசன் லோடு ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான். எங்கள் ஆட்டோ புறப்பட்டது. தெருமுனை திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். லோடு ஆட்டோவிலிருந்து கைப்பிடியை இறக்கிப் படியில் சாய்த்திருந்தார்கள். கோதண்டராமன் குனிந்து இரண்டு கம்பிக்கு நடுவே கையை நீட்டி அளந்துகொண்டிருந்தார்.

"டேய் எழிலு, இன்னாடா இவ்ளோ எடம் வுட்டுகீறீங்க?" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. "கொழந்த தவழறப்போ இதுல பூந்து வுழுந்துடும். படிக்கு ஒரு கம்பி போடு."