தினேஷின் ஒரிஜினல்

தினேஷை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னைத் திட்டும்போது ஏமாற்றிவிட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது.

இருவரும் ஆடுகோடியில் ஒரு கேம் கம்பெனியில் ஒரே மேஜையில் வேலை பார்த்தோம். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் வந்த ‘சால்ட் கேட்’ என்ற சாகச விளையாட்டை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி புதிதாகத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எங்கெங்கே வேறுபடுகிறது என்று பட்டியல் போடுவது எங்கள் வேலை. ஒரு கதவு அரை அடி தள்ளியிருந்தாலும் எழுத வேண்டும். கண்டுபிடித்தவன் பெயரும் அந்த வரியிலேயே ஏறும்.

நான் தர்மபுரியிலிருந்து பி.இ. முடித்துவிட்டு வந்து இந்த வேலையில் எட்டு வருடம் தேய்ந்தவன். தினேஷ் மர்பி டவுன்காரன். பி.யு.சி.யில் கோட்டைவிட்டு, சிவாஜிநகரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். இந்த ஒரு விளையாட்டைப் பற்றிச் சுவர் சுவராக வீடியோ போட்டிருந்தான் என்பதற்காகக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். மூன்றே மாதத்தில் மொத்த ஆபீசும் அவனை ‘ஒரிஜினல்’ என்று கூப்பிட ஆரம்பித்தது. எனக்குச் சந்தேகம் வந்தால் ஒரிஜினலைக் கேள் என்பார் எங்கள் மேனேஜர் சரளா. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

விளையாட்டின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணன் ரோவனும் தங்கை ஈராவும் கடலில் மூழ்கிய ஒரு கோட்டைக்குள் இறங்குகிறார்கள். மூன்றாம் கட்டத்தில் ஈரா சங்கிலியை இழுத்துப் பிடித்து இரும்புக் கதவைத் தூக்குகிறாள், ரோவன் அதன் அடியில் நுழைந்து மறுபக்கம் போகிறான், கதவு விழுகிறது. நான்காம் கட்டத்திலிருந்து ரோவன் தனி ஆள்.

ஒருநாள் டீக்கடையில் தினேஷ் எனக்கு மட்டும் என்று ஒரு ரகசியம் சொன்னான். ஈரா சாகவில்லையாம். தண்ணீர்க் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு மூடிய அறை, அதற்குள் மேலே போகும் ஓர் ஏணி, அதில் ஏறி அவள் தப்பியிருக்கிறாளாம். பதினாலு வயதில் அவளைத் தேட ஆரம்பித்திருக்கிறான். அவளைத் தேடித்தான் கோட்டையின் ஒவ்வொரு சுவரையும் முட்டிப் பார்த்திருக்கிறான். அவனுடைய ஞானம் முழுக்க அப்படி வந்ததுதான். வேறு யாராவது முந்திக் கண்டுபிடித்திருந்தால் மனசு விட்டுப்போகும் என்று பயந்து, அடுத்தவர்கள் போட்ட வீடியோ ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. புதியதில் அந்த ஏணியையே எடுத்துவிட்டார்கள், இருக்கிற தப்பிலெல்லாம் அதுதான் பெரிய தப்பு என்றான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் காலத்துத் திருட்டு சிடி. இரண்டு சிடி விளையாட்டை ஒன்றில் அடக்குவதற்காக, நடுநடுவே வரும் படக்காட்சிகளை வெட்டி எறிந்துவிட்டு நடைபாதையில் விற்பார்கள். கதவு விழுகிற இடத்தில் வரும் இரண்டு நிமிடப் படத்தில் ஈரா மூழ்கிச் சாகிறாள். தினேஷின் சிடியில் அந்தப் படம் இல்லை. திரை கறுத்து அடுத்த கட்டம் வந்திருக்கும். ஆபீசிலும் அவன் அதைப் பார்க்க வழியில்லை. நாங்கள் கட்டம் கட்டமாகத் திறந்து பார்ப்பவர்கள். படக்காட்சிகள் வேறொரு கம்பெனியின் வேலை, எங்கள் மெஷினில் ஏற்றவே இல்லை. ஆக, சிடியில் இடம் போதாமல் எவனோ அவள் சாவை அழித்துவிட, இவன் இருபத்துமூன்று வருடமாகச் செத்தவளைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் வாங்கியதும் திருட்டு சிடிதான். என் அதிர்ஷ்டம், அந்த ஆள் இரண்டு சிடியாகவே கொடுத்தான்.

அவள் செத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்று சரளா அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை க்ளையண்ட் நேரில் வருகிறார், ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும், அவர் கை காட்டாத ஆளுக்கு மாதக் கடைசியோடு கணக்கு முடிந்தது. தினேஷ் கடையை மூடிவிட்டு வந்தவன். வேலை உறுதியான மாதிரியே மனைவி மகாவிடமும் தெருவிலும் சொல்லிவைத்திருந்தான்.

"இத ரிப்போர்ட்ல போடாத மச்சா," என்றேன். "எவனாவது அவன் பேர்ல போட்டுக்குவான். வெள்ளிக்கிழமை க்ளையண்ட் முன்னாடி மொதல்ல இதையே சொல்லு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஆபீசில் தனக்கென்று இருக்கிற ஒரே ஆள் நான்தான் என்றான்.

க்ளையண்ட் தலை நரைத்த மனிதர், பழைய விளையாட்டிலேயே வேலை பார்த்தவர். கூடவே அவர்கள் கம்பெனியின் வக்கீல் அம்மா ஒருவரும் வந்திருந்தார். நான் முதலில் பேசினேன், சுமார்தான். அடுத்து தினேஷ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எழுந்தான். ஏணியின் படம், அறையின் அளவு, தண்ணீர் ஏறும் வேகம் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, ஈரா பிழைத்ததற்கு இந்த ஏணிதான் சாட்சி, இதை எடுப்பது ஒரிஜினலுக்குச் செய்கிற துரோகம் என்று தட்டுத்தடுமாறிய இங்கிலீஷில் முடித்தான்.

எந்தப் பதிப்பை ஆடினாய் என்று க்ளையண்ட் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒரிஜினல் சார்," என்றான் தினேஷ். "சிவாஜிநகர் ப்ளாட்ஃபாரத்துல வாங்குனது. கலர் கவர் போட்டது."

முதலில் சிரித்தது சரளா. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒப்புக்குச் சிரிக்கவில்லை, உண்மையாகவே சிரிப்பு வந்தது.

க்ளையண்ட் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஏணி நாங்கள் அழிக்க மறந்துபோன குப்பை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தன் லேப்டாப்பை இணைத்துப் பெரிய திரையில் அந்தப் படத்தை ஓடவிட்டார். இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. பழையதில் ஈராவின் முகம் அட்டைப்பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும். புதியதில் முடி இழை இழையாகத் தண்ணீரில் மிதக்கிறது, நகம் ஒடிகிறது, மூக்கிலிருந்து குமிழி கிளம்புகிறது. முப்பத்தேழு வயதில், எட்டுப் பேர் முன்னால், அவள் சாவதைத் தினேஷ் முதல் தடவையாகப் பார்த்தான், அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு சாவு.

படம் முடிந்ததும், நல்ல மனிதர்களால் மட்டுமே முடிகிற ஒரு கொடுமையை அவர் செய்தார். இந்த விளையாட்டை உன்னைப் போலப் பார்த்தவர் யாரும் இல்லை, இரண்டையும் ஒப்பிட்டுச் சொல் என்றார்.

தினேஷ் இன்னொரு தடவை போடச் சொன்னான். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு தமிழில் சொன்னான், சரளா இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார்.

"பழசுல அண்ணன் திரும்பி வரப் பாக்குறான். வரக் கூடாதுன்னு அவளே சங்கிலிய வுட்றா சார். புதுசுல கை வழுக்கிடுது."

க்ளையண்ட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்தக் கையை வரைந்தவரே அவர்தானாம். இரண்டு வருடமாக நாற்பது பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்றார். இதை உடனே திருத்தச் சொல்லுங்கள், சரியானதும் கண்டுபிடித்தவர் பெயர் விளையாட்டின் முடிவில் வர வேண்டும் என்று சரளாவிடம் சொன்னார். போயிற்று, என் நாற்காலியை நானே தூக்கி அவனுக்குப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

என்னைக் காப்பாற்றியது அந்த வக்கீல் அம்மா. திருட்டு சிடி வாங்கியதைத் தன் வாயால் ஒப்புக்கொண்டவரை எங்கள் வேலையில் வைக்க முடியாது, ஒப்பந்தம் அப்படி என்றார். க்ளையண்ட் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, நீங்கள் எதில் ஆடினீர்கள் என்று கேட்டார். இந்தக் கம்பெனி கொடுத்ததில்தான் முதன்முதலாக ஆடினேன் என்றேன். வேலை எனக்கு வந்தது.

தினேஷை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவிட்டேன். அங்கே நின்று கேட்டான், "உனக்கு முன்னாடியே தெரியுமா மச்சா?"

"சத்தியமா தெரியாதுடா."

நம்பினான். நம்பியதோடு விடாமல், என்னால் உனக்கும் அசிங்கமாகிவிட்டது, பேஜார் பண்ணிக்கொள்ளாதே என்று என் தோளைத் தட்டினான். பிறகு அந்தக் கையை மட்டும் எப்படியாவது சரிபண்ண வைத்துவிடு என்று கேட்டுக்கொண்டான். அவளாக விட்டால்தான் அவள் ஈரா, வழுக்கி விழுந்தால் யாரோ ஒரு பெண் என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மூன்று மாதம் கழித்துத் திருத்திய படமும் பழைய படமும் சரிபார்க்க என்னிடம் வந்தன. என்ன திருத்தினார்களோ, கை இன்னும் வழுக்கத்தான் செய்தது. ‘சரியாகவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்ப ஒரு நிமிடம் போதும். ஆனால் பட்டியலில் அந்த வரியில் இருந்தது தினேஷின் பெயர். சரியானால் அந்தப் பெயர் கடைசியில் திரையில் ஓடும். நான் இரண்டையும் மறுபடி ஓடவிட்டேன். பழையதில் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கிறாள், அவன் சொன்னது எவ்வளவு சரி என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதி வரியை மூடினேன். அப்படி மூடிய வரியில் யார் பெயரும் நிற்காது. க்ளையண்டுக்கு அதற்குள் ஆயிரம் தலைவலி.

விளையாட்டு வெளிவந்தது. ஒரிஜினலுக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் எழுதினார்கள். வெளியான மறுநாள் தினேஷ் போன் செய்தான். மறுபடி சிவாஜிநகர் கடையைத் திறந்துவிட்டானாம். புதியதை இந்த முறை திருட்டு இல்லாத நிஜ ஒரிஜினலாகவே வாங்கி ஆடியிருந்தான்.

"கை வழுக்குதே மச்சா," என்றான்.

நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். பழைய படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம், அதிலும் வழுக்கத்தான் செய்கிறது, க்ளையண்டே ஒப்புக்கொண்டுவிட்டார் என்றேன். அவன் நினைத்தால் நெட்டில் தேடிப் பார்த்துவிடலாம். ஆனால் அந்தப் பழைய படத்தை அவனால் இன்னொரு தடவை பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

"அப்போ நான்தான் தப்பா பாத்திருப்பேன்," என்றான். "மொதல் தடவ பாத்தேன்ல."

ஆமாம் என்றேன்.