வாழைத்தோல் ஊறிய வாளி

வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை நீங்கள் என்ன செய்வீர்கள்? குப்பையில் போடுவேன் என்றால் உங்கள் தெருவில் மாடு இல்லை என்று அர்த்தம். காரைக்குடியில் ராஜப்ரியா வாடகைக்கு இருந்த சந்தில் மாடு இருந்தது. வீட்டுக்காரி கண்ணாத்தாளின் செவலை மாடு. அதனால் அந்தச் சந்தில் ஒருவரும் தோலை வீணாக்கியதில்லை. இது ராஜப்ரியாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் யோசிக்கவில்லை. மத்தியானம் மூணு மணி வாக்கில் வந்து பார்த்தபோது, பின்கட்டில் முந்தின நாள் அவள் மூடி வைத்துவிட்டுப் போன வாளி தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தது.

அவளுக்குச் சொந்த ஊர் அரூர் பக்கம். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். வாழைத்தோலைக் காயவைத்து நறுக்கிக் கெட்ட தண்ணீரில் ஊறப்போட்டால், தண்ணீரில் கரைந்திருக்கும் காரீயம் என்கிற விஷ உலோகத்தைத் தோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகைகளுக்குப் பக்கத்தில் வீணாகிக் கிடக்கும் கிணறுகளுக்குக் காசில்லாமல் ஒரு வடிகட்டி செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. தோலுக்காகப் பிள்ளையார்பட்டிக் கடைகளுக்குப் போய்ச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி வருவாள். “இம்புட்டுத் தோலு இருக்கே, பழத்தை யாரும்மா தின்னது?” என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார். “பிள்ளையாரு” என்றாள். பஸ்ஸே சிரித்தது. இந்த ஊருக்கு வந்தபின் அவள் பேசி நாலு பேர் சிரித்தது அன்றைக்குத்தான்.

கண்ணாத்தாள் கொட்டிலிலிருந்து கையை முந்தானையில் துடைத்தபடி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் மலேசியாவில் ஓட்டல் வேலை.

“அக்கா, இந்த வாளியில இருந்த தோலு?”

“செவலைக்கு வச்சுட்டேன், நேத்துச் சாயங்காலம். நாறிப்போச்சு புள்ள. நாலு தண்ணி அலசி, தவிட்டுல பெசஞ்சு வச்சேன். ஒரு துண்டு மிச்சம் வைக்கல.”

“தொடாதீங்கன்னு சொன்னேனேக்கா.”

“நீ எதைத்தான் தொடச் சொல்லியிருக்க? துணியத் தொடாதீங்கம்ப, தட்டத் தொடாதீங்கம்ப. அலைஞ்சு திரியிற புள்ள, இதையாச்சும் கழுவி வைப்போமேன்னு பாத்தேன்.”

அதுவும் உண்மை. மழை வந்தால் அவள் துணியை எடுத்து மடித்து வைப்பது கண்ணாத்தாள். வேண்டாம் என்று இவள் சொல்வதும், சொன்னதைக் காதில் வாங்காமல் அவள் செய்வதும்தான் இத்தனை நாளும் இரண்டு பேருக்கும் இருந்த பிரியம். அந்தக் கணக்கிலேயே வாளியும் போயிருக்கிறது.

நாலு தண்ணி அலசியிருக்கிறாள். அலசினால் போகாது. ஒருமுறை பிடித்த காரீயத்தை வெறும் தண்ணீருக்கு இந்தத் தோல் விட்டுக்கொடுக்காது என்று போன மாதம்தான் ராஜப்ரியா சோதித்துக் காட்டினாள். பேராசிரியர் பாராட்டினார். அவளும் சந்தோஷத்தில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தனியாக உட்கார்ந்து தின்றாள்.

ஆய்வகத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்று, காரீயத் தண்ணீரில் தோல் ஊறிய வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவள் தப்பு. உள்ளே என்ன என்று சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு. முன்னால் குடியிருந்த வீட்டில் மண்டையோட்டுப் படம் போட்ட ஒரு பாட்டிலைப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் காலி செய்யச் சொன்னார்கள். இங்கேயும் விஷம் என்கிற வார்த்தை வந்தால் அறை போய்விடும். அறைகூட இன்னொன்று கிடைக்கும். சாப்பிட்டியா என்று கேட்க இந்த ஊரில் அவளுக்கு இன்னொரு ஆள் இல்லை.

கண்ணாத்தாள் சாயங்காலக் கறவைக்குச் செம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு வாளித் தோல்தான். மாடு பெரியது. பாலில் வருவது துளியூண்டு இருக்கும். ராஜப்ரியா மனசுக்குள் கணக்குப் போட்டாள், கணக்கும் அவள் பக்கமே சாய்ந்தது. அப்போது எதிர்வீட்டில் சிவரஞ்சனியின் குழந்தை எதற்கோ சிணுங்கியது. இந்தப் பால்தான் அதற்கு.

“அக்கா, கறக்காதீங்க. அந்தத் தோல்ல விஷம் இருக்கு. காரீயம். நான் சொல்லாம விட்டுட்டேன்.”

கண்ணாத்தாள் செம்பைக் கீழே வைத்தாள். “மாடு செத்துருமா?”

“தெரியலக்கா.”

“காலையில பாலு எதுத்த வீட்டுக்குப் போயிருச்சே.” கண்ணாத்தாள் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து தெருவைக் கடந்து போனாள்.

ராஜப்ரியா மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். பேசி வைத்ததும் எதிர்வீட்டு வாசலிலிருந்து குரல் கேட்டது.

“சிவரஞ்சனி, பாப்பாவுக்குக் காலைப் பாலு குடுத்தியாத்தா? மிச்சம் இருந்தா குடுக்காத. வெவரங்கெட்டவ, மாட்டுக்குக் கண்டதையும் போட்டுத் தொலைச்சுட்டேன். வா, ஆசுபத்திரியில காட்டிருவோம். நானும் வாரேன்.”

இவள் பேரே அதில் வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளலாம். ராஜப்ரியா செருப்புப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

“அக்கா மேல தப்பில்லைங்க. வாளியைக் கொண்டாந்தது நான். உள்ள என்ன இருக்குன்னு அக்காகிட்ட சொல்லல.”

சிவரஞ்சனி குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். “உங்க ஆராய்ச்சிக்கு எங்க தெருதான் கெடைச்சுச்சா?”

“பேச்சை அப்புறம் பேசுவோம். மொதல்ல ஆட்டோவைக் கூப்புடு” என்றாள் கண்ணாத்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு வேளைப் பாலுக்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனாலும் முடிவு வரட்டும் என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும்போது ஆட்டோவில் குழந்தை ராஜப்ரியாவின் துப்பட்டா நுனியைப் பிடித்து வாயில் வைத்தது. சிவரஞ்சனி அதை மெல்லப் பிடுங்கினாள்.

மாட்டு டாக்டர் மருதுபாண்டி வந்து பேதி உப்பைக் கரைத்துப் புகட்டினார். “ஒரு வேளை தின்னதுக்கு மாடு படுத்துறாது. பாலைச் சோதிச்சுட்டு நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் ஊத்தாதீக. கன்னுக்குட்டியையும் விடாதீக.”

“பால் மறக்காத கன்னு சார் அது. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?” என்றாள் கண்ணாத்தாள்.

அவர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனபின் ராஜப்ரியா, “நான் வேற ரூம் பாத்துக்கிறேன்க்கா” என்றாள்.

கண்ணாத்தாள் கன்றைத் தாயிடமிருந்து பிரித்து வேப்பமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். அது நாலு காலையும் ஊன்றி நின்றது.

“ரூமு பாப்ப, பாப்ப. இப்ப இந்தக் கயித்தப் பிடி. ஒருத்தியா இழுக்க முடியல.”

இரண்டு பேருமாக இழுத்துக் கட்டினார்கள். இருட்டும்வரை கன்று கத்தியது. தாய் பதில் கொடுத்தது.

மறுநாள் காலை கடையில் பால் வாங்கி வெதுவெதுப்பாக்கிப் பாட்டிலில் ஊற்றினார்கள். கண்ணாத்தாள் கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டாள், ராஜப்ரியா பாட்டிலை வாயில் வைத்தாள். அது குடிக்கவில்லை. வெயில் ஏறிய பிறகு குடித்தது.