டாக்டர் ஏற்றிய கொழுப்பு

சேட்டுவுக்கு ரத்தப் புற்றுநோய். "மருந்த நானோ அளவு கொழுப்பு உருண்டைக்குள்ள வெச்சு ஏத்துறோம். கண்ணுக்கே தெரியாது. நோய் இருக்கிற இடத்துக்குப் போய் வேலை செய்யும்" என்றார் டாக்டர்.

"கொழுப்பா?" என்று பதறினாள் மனைவி ஆதிலட்சுமி. "இருக்கற கொழுப்பே இவர வுட்டு எறங்கல சார். இன்னும் ஏத்தினா வூட்ல யாரு வெச்சிக்கினு சமாளிக்கிறது?"

டாக்டர் சிரித்தார். சேட்டு சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்குள் மட்டும் புலி. உத்திரமேரூர் கடைத்தெருவில் வாயே திறக்கமாட்டார்.

மருந்து ஏறிய வாரம் டீக்கடையில் வாயைத் திறந்தார். "இது டீயா, கழனித்தண்ணியா?" அடுத்து வார்டு மெம்பர் மாட்டினார். "ஏரி மண்ண அள்ளிக்கினு போறது நீதானே?"

ஆதிலட்சுமி பின்னாலேயே ஓடி, "தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் ஏத்தின கொழுப்பு" என்று எல்லோரையும் கும்பிட்டாள். நோயாளி என்று ஊரும் பொறுத்துக்கொண்டது. சேட்டுவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஊசி போடும் நாளுக்குக் காத்திருந்தார். உடம்பும் தேறி வந்தது.

அவரைப் பார்க்க மாகறலிலிருந்து தங்கை சசிரேகா வந்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் வழக்கம்போல, "ரசமா அண்ணி இது?" என்று முகத்தைச் சுளித்தாள்.

"புடிக்கலனா உன் வூட்ல போய் வெச்சிக் குடி" என்றாள் ஆதிலட்சுமி.

கல்யாணமான நாளிலிருந்து நாத்தனாரிடம் அவள் குரலை உயர்த்தியதே இல்லை. சேட்டுவின் கை இலையிலேயே நின்றது. "இன்னாடி ஆச்சு உனக்கு?"

"காலையில உங்க டம்ளர்ல தண்ணி குடிச்சிட்டேங்க" என்றாள் அவள் அப்பாவியாக.

சேட்டு சிரித்த சிரிப்பில் ரசம் மூக்கில் ஏறிவிட்டது.