அக்கா இடப்பக்கம் போகிறாள்

மச்சானின் வேனை எடுத்துப் போய் அக்கா ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இரண்டு முறையும் தேர்வுத் திடலில் வழியோரம் நிறுத்தியிருந்த இடப்பக்கக் கூம்புகளைத்தான் இடித்துச் சாய்த்தாள். மூன்றாவது தேர்வு மறுநாள் காலை பத்து மணிக்கு. தேறினால் திங்கட்கிழமையிலிருந்து நடமாடும் நூலகத்தின் வண்டியை அவள் ஓட்டுவாள். தேறாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவர் ஓட்டுவார். நூலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"வேன் இழுக்குதுடா," என்றாள் என்னிடம்.

"வேன் எங்க இழுக்குது? நீதான் இழுக்கிற," என்றார் மச்சான்.

மச்சானுக்கு ஜன்னல் கண்ணாடி பொருத்தும் வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம், கோணல் பார்க்கும் குமிழிக் குழாய், இருக்கும். சாப்பாட்டு மேசை, சுவர்க் கடிகாரம், ஒருமுறை நான் படுத்திருந்த கட்டில் வரைக்கும் அதை வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த வேனை ஒன்பது வருடமாக ஓட்டுகிறார். அன்றும் ரசமட்டத்தை எடுத்து டேஷ்போர்டு மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"பாத்தியா? வண்டி நேரா இருக்கு. உன் கைதான் கோணல். கையை லூசா விடு, லூசா விடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நிக்கிற வண்டி நேராத்தான் இருக்கும். ஓடும்போது வெச்சுப் பாருங்க."

"ஓடும்போது வெச்சா குமிழியும்தான் ஓடும். விவரம் இல்லாம பேசாத."

அக்கா மறுபடி என்னைப் பார்த்தாள். நான் பார்சல் கிடங்கில் பார்த்த இரவு வேலையை விட்டுவிட்டு மூன்று மாதமாக அவர்கள் வீட்டு முன்னறையில் படுத்துக் கிடப்பவன். தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் பார்சல் போகும் ரப்பர் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் ஏன் என்று பார்ப்பதுதான் அங்கே இரண்டு வருடம் என் வேலை. அதில் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் காரணம் எது என்று கடைசிவரை தெரியாது.

"சாவியைக் குடுங்க மச்சான்," என்றேன்.

"பார்றா, கட்டில் பேசுது!"

சந்தைக்கு அன்று விடுமுறை. சந்தையை ஒட்டிய வண்டி நிறுத்துமிடம் வெறிச்சோடிக் கிடந்தது. அக்கா ஓட்டினாள். நான் பக்கத்தில். பின்னால் கண்ணாடி நிறுத்தும் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மச்சான். மெதுவாகப் போகும்போது ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். வேன் இடது பக்கம் சாய்ந்து போனது.

"தரை சரிவா இருக்கும்," என்றார் மச்சான்.

திருப்பி எதிர்த்திசையில் ஓட்டினோம். அப்போதும் இடதுதான்.

டயர்களின் காற்றைப் பார்த்தேன். நாலும் சமம். மரச்சட்டம் இடப்பக்கம் இருக்கிறது, அந்தக் கனமாக இருக்கும் என்று அதைக் கழற்றி இறக்கினோம். இடது. ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரம் சூடாக இருக்கும். முன்சக்கரங்கள் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். ஒரே சூடு.

"டாக்டர் நாடி பாக்குறாரு. பிழைக்குமா டாக்டர்?"

"முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் கழட்டி இடம் மாத்தணும். ஜாக்கி எடுங்க மச்சான்."

"மாப்ள, ஒரே சைஸ் டயர். அதை இங்க போட்டு இதை அங்க போட்டா என்ன வந்துடப் போகுது? செருப்பையா மாத்திப் போடுறோம்?"

முனகிக்கொண்டேதான் எடுத்தார். முட்டி போட்டு ஒவ்வொரு நட்டையும் அவரே கழற்றினார். கண்ணாடிக்காரர் கை, ஒரு நட்டுகூடக் கீழே விழவில்லை.

அக்கா மறுபடி ஏறினாள். நேராக்கினாள். கையை எடுத்தாள்.

வேன் வலது பக்கம் போனது.

அடுத்த நொடி அக்கா ஹாரனை விடாமல் அழுத்தினாள். சந்தைக் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமும் எழுந்தன.

"இழுத்தது நானா? சொல்லுங்க, நானா? இப்ப என் கை வலப்பக்கம் கோணிக்கிச்சா?"

டயரோடு சேர்ந்து இழுப்பும் இடம் மாறிவிட்டது. அதனால் கோளாறு டயரில்தான். இப்போது வலது முன்னால் இருந்ததைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் போட்டோம். வேன் கயிறு பிடித்த மாதிரி நேராகப் போனது. அக்கா எட்டு முறை ஓட்டினாள். ஏழு போதும் என்று நான் சொன்னேன்.

மச்சான் அந்த டயரைக் குனிந்து பார்த்தார். விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. போன வருடம் பஞ்சரானபோது பழைய டயர் கடையில் வாங்கியது. கண்ணாலேயே அளந்து வாங்கியதாக அப்போது பெருமை பேசியிருக்கிறார்.

"ஒரு வருஷமா உங்களுக்கு இழுக்கவே இல்லையா?" என்றாள் அக்கா.

"சத்தியமா இல்லடி," என்றார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் அக்கா தேறினாள். ஒரு கூம்புகூட அசையவில்லை. தேர்வு நடத்திய அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "போன தடவை வந்தது உங்க தங்கச்சியா?" என்று கேட்டார்.

மச்சானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நீ பாஸான சீட்டைப் பத்திரமா வெச்சுக்க. வீட்டுக்கு நான் ஓட்டுறேன்," என்று ஏறி உட்கார்ந்தார். கிளப்பினார். வெளியேறும் வழியில் வலப்பக்கக் கூம்பு ஒன்று சாய்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இடது இழுப்புக்கு ஈடாக ஒரு வருடமாக அவர் கை தானாக வலப்பக்கம் இழுத்துப் பழகியிருக்கிறது. டயர் மாற்றிய பிறகு இப்போதுதான் முதல்முறை அவர் ஓட்டுகிறார். இழுப்பு போய்விட்டது. கைக்கு அது தெரியவில்லை.

தேர்வு நடத்திய அம்மாள் ஜன்னல் அருகே வந்தார். "சார், உங்களுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தது?"

"கையை லூசா விடுங்க," என்றாள் அக்கா. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

மச்சான் வண்டியை நிறுத்தினார். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். சிரிப்பை அடக்க முடியாமல் இறங்கிப் போய்க் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தினார். கடைசிக் கூம்பு கொஞ்சம் சாய்ந்தாற்போல் இருந்தது. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார்.

அக்கா ஹாரன் அடித்தாள்.