ஐந்து மீட்டர் செம்புக் குழாய்

சுவரைத் துளைத்துக்கொண்டு போன இரும்பு மறுபக்கம் வெளிப்பட்டதும், ஏசி மாட்ட வந்த சுபாஷ் மெஷினை நிறுத்தினான். தூசி அடங்கிய பிறகு மரியசுந்தரம் அந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தார். மாடு கட்டியிருந்த முளைக்குச்சி சரியாக நடுவில் தெரிந்தது. மாடு இல்லை. போன செவ்வாய்க்கிழமைதான் அபிஷேகப்பாக்கத்துத் தரகர் நாற்பத்திரண்டாயிரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

வில்லியனூர்க் கடையில் ஏசியின் மேல் ஒட்டியிருந்த விலை முப்பத்தாறாயிரம். ஆறாயிரம் கையில் நிற்கும் என்று அவர் நினைத்திருந்தார். மாட்டுவதற்கு ஆயிரத்தைந்நூறு, வெளியே வைக்கும் மெஷினுக்கு ஸ்டாண்டு தொள்ளாயிரம், ஸ்டெபிலைசர் இரண்டாயிரத்து எண்ணூறு, ஓட்டை போட ஐந்நூறு. இதெல்லாம் அந்தச் சீட்டில் இல்லை.

"உங்க வூட்டு ஒயரு டிவிக்குப் போட்டது சார். ஏசியப் போட்டா ராவோட ராவா கருகிடும். மெயின் போர்டுலருந்து தனியா இழுக்கணும். நாலாயிரத்து ஐந்நூறு ஆவும்" என்றான் சுபாஷ்.

"இன்னாப்பா, மாப்ளய விட அதுக்கு மருவாத ஜாஸ்தியா இருக்குது!"

"மாப்ளைக்கு கேரண்டி கிடையாது சார். இதுக்கு அஞ்சு வருசம் உண்டு."

மரியசுந்தரம் சிரித்தார். குறைந்த நாலாயிரத்து இருநூறை மனைவி பாத்திமா மேரி அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாட்டை விற்பதில் அவளுக்கு இஷ்டமில்லை. "புள்ள பெத்து வர்றவளுக்குப் பாலு வேணாமா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். மகள் சோபனாவுக்கு இது தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் ரெட்டியார்பாளையத்துச் சம்பந்தியம்மா ஜோஸ்பின் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டாளாம். பாலா, மகளா என்று வந்தபோது அவர் மகள் என்று முடிவு செய்தார்.

கடையில், பில் யார் பெயருக்கு என்று கேட்டார்கள். அவர் யோசிக்கவே இல்லை. "மாப்ள பேருக்குப் போடுங்க. பெனடிக்ட்." கல்யாணத்தில் வாங்கிய பீரோ, கட்டில், பைக் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பில் போட்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் அதுதான் முறை. மாப்பிள்ளை பெயர் அச்சாகி வந்த காகிதத்தை மடிக்காமல் கொண்டுவந்து மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினோரு மணிக்கு வாடகைக் காரில் சோபனாவும் ஜோஸ்பினும் வந்தார்கள். பெனடிக்டுக்கு ஷிப்ட் என்றார்கள். எட்டு மாத வயிற்றோடு மகள் வாசற்படி ஏறியதும் பாத்திமா மேரி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். ஏசி மாட்டியிருந்த அறைக்குள் அழைத்துப் போனாள். அந்த வீட்டில் காங்கிரீட் கூரை போட்ட ஒரே அறை அதுதான். புதுச் சுண்ணாம்பு அடித்து, கட்டிலில் வெளுத்த விரிப்புப் போட்டிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய புடவையில் தொட்டில் கட்டக் கொக்கி மாட்டியிருந்தது.

ஜோஸ்பின் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். சாப்பாடு அங்கேயே வந்தது. ஒரு மணி நேரம் போனது. கோழிக் குழம்பு நன்றாக இருந்தது என்றாள்.

"நல்லாத்தான் குளிருது சம்பந்தி. நீங்க மனசு வச்சா செய்வீங்கன்னு எனக்குத் தெரியும்."

"எல்லாம் கொழந்தைக்குத்தான்" என்றார் மரியசுந்தரம்.

"அதான் நானும் சொல்ல வந்தேன். இங்கருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னா தூரம்! ராத்திரில வலி எடுத்தா இந்த உறுவையாத்து ஊருல வண்டி கெடைக்குமா? பெனடிக்ட் ரொம்ப பயப்படறான். பிரசவம் நம்ம வூட்டுலருந்தே ஆகட்டும். நீங்க வந்து பாருங்க, யாரு வேணாம்னாங்க?"

பாத்திமா மேரி தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். "அப்ப இது..." என்று சுவரைப் பார்த்தாள்.

"இது சோபனாவுக்கு வாங்கினதுதான? அவ எங்க இருக்கறாளோ அங்கதான இருக்கணும். மாடி ரூம்ல மாட்டிடலாம். பில்லு கூட பெனடிக்ட் பேர்லதான போட்டிருக்கீங்க. கடைல சொன்னாங்க." ஜோஸ்பின் குரலில் கோபம் எதுவும் இல்லை. பாராட்டுகிற மாதிரிதான் இருந்தது.

மரியசுந்தரம் மகளைப் பார்த்தார். சோபனா ரிமோட்டை மடியில் வைத்து அதன் பட்டன்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லும்மா. ஒனக்கு எங்க இருக்கணும்?"

அவள் அத்தையைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. "அங்க மாடி ரூமு வெந்து போவுதுப்பா" என்றாள். "எடுத்துக்கினு போலாம்."

அன்று சாயங்காலமே ஜோஸ்பின் சோபனாவைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். மறுநாள் சுபாஷ் வந்து எல்லாவற்றையும் கழற்றினான். கழற்ற எண்ணூறு, அங்கே மாட்ட ஆயிரத்தைந்நூறு, கேஸ் அடைக்க இரண்டாயிரம். மாடி அறைக்கு வெளியே ஜோஸ்பின் ரோஜாத் தொட்டி வைத்திருப்பதால் வெளி மெஷின் கீழே வாசலில்தான் நிற்க வேண்டுமாம். அதனால் குழாய் இன்னும் ஐந்து மீட்டர் தேவைப்பட்டது. செம்பு. மீட்டர் ஆயிரத்து நூறு.

"புடுங்கறதுக்கும் காசாப்பா?"

"பொணத்தத் தூக்கறதுக்கே காசு சார்" என்றான் சுபாஷ். சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். "ஓட்டைல பேப்பரச் சுருட்டி வைங்க. பாம்பு கீம்பு வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சேதராப்பட்டுக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் பதினோராயிரம் சம்பளம். அதில் ஒன்பதாயிரத்து எண்ணூறை மரியசுந்தரம் முன்பணமாக வாங்கி சுபாஷுக்குக் கொடுத்தார்.

வியாழக்கிழமை ஜோஸ்பின் போன் செய்தாள். ரிமோட் வரவில்லை, மெஷினிலேயே பட்டனை அமுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம், கூட்டவும் குறைக்கவும் முடியவில்லை என்றாள். தேடியதில் தலையணைக்கு அடியில் இருந்தது. சோபனா வைத்தது. அதன் சிறிய திரையில் இன்னும் 24 என்று இருந்தது. மரியசுந்தரம் அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். மகளைப் பார்க்க ஒரு சாக்கு கிடைத்தது என்று பாத்திமா மேரி ஒரு தூக்கில் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினாள்.

ரெட்டியார்பாளையம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. இரும்புக் கேட்டைத் திறந்ததும் வெளி மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் வாங்கிய ஸ்டாண்டில், அவர் வாங்கிய மெஷின். வெள்ளை நாடா சுற்றிய குழாய் அதிலிருந்து புறப்பட்டது. அவருடைய கண் அதைப் பின்தொடர்ந்தது. ஒவ்வொரு மீட்டரும் அவருக்கு மனப்பாடம். குழாய் சுவரில் இரண்டு முழம் ஏறி, வளைந்து, கீழ்த்தளத்து முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் உள்ளே நுழைந்துவிட்டது. மிச்சக் குழாய் சுருளாகக் கட்டப்பட்டு மெஷினுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அவர் அண்ணாந்து பார்த்தார். மாடி ஜன்னல் இரண்டும் திறந்து கிடந்தன. கம்பியில் ஈரத்துண்டு ஒன்று தொங்கியது.

மணியை அடித்ததும் முன்னறைக் கதவு அரையடி திறந்தது. உள்ளிருந்து வந்த குளிர் அவர் முழங்கையில் பட்டது. "வாங்க சம்பந்தி" என்றாள் ஜோஸ்பின், கதவோரக் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டித் திறந்து. "சோபனா, அப்பா வந்திருக்காரு பாரு."

வெளிப்படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக அவள் இறங்கி வந்தாள். நைட்டி முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்து முழுக்க வேர்க்குரு. ரிமோட்டையும் தூக்கையும் வாங்கிக்கொண்டாள். அவர் பார்வை போய் நின்ற சுருளை அவளும் பார்த்தாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சும்மா."

"கதவ சாத்துடி, கூலிங் போவுது பாரு" என்றது உள்ளே குரல்.

சோபனா ரிமோட்டைக் கதவிடுக்கில் நீட்டினாள். ஒரு கை வாங்கிக்கொண்டது. கதவைச் சாத்தினாள். "கெளம்புங்கப்பா. வெயிலு ஏறுது" என்று சொல்லிவிட்டு, தூக்கை இடுப்பில் அணைத்தபடி மறுபடி படி ஏறத் தொடங்கினாள். நாலாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு ஏறினாள்.

உள்ளே ஏசி பீப் என்று ஒலித்தது. வெளி மெஷினின் காற்றாடி வேகம் பிடித்து, சூடான காற்று அவர் வேட்டியில் வந்து மோதியது. அவர் நகரவில்லை. சுவரோரம் தொங்கிய பிளாஸ்டிக் குழாயிலிருந்து, ஜோஸ்பின் வைத்திருந்த பக்கெட்டுக்குள், குளிர்ந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பக்கெட் முக்கால்வாசி நிறைந்திருந்தது.