வலது கைக்கு ஒரு வேண்டுதல்

கவுன்சிலருடைய வெள்ளைச் சட்டையின் வலது கையை மேசையில் விரித்ததும் இஸ்திரிக்காரம்மாவின் உதடுகள் அசையத் தொடங்கிவிட்டன. காலர், முதுகு, இடது கை எல்லாவற்றையும் வாயை மூடிக்கொண்டுதான் தேய்த்தாள். வலது கை வந்தால் மட்டும் பெட்டி மெதுவாகப் போகும். "சாமி, செவ்வாய்க்கிழம இந்தக் கை உயரணும். அவருக்கு நல்ல புத்தியக் குடு, நல்ல தூக்கத்தக் குடு. ஊருக்கு உழைக்கிற உடம்பு, ஒரு தலைவலிகூட வரக் கூடாது."

செவ்வாய்க்கிழமை கவுன்சில் கூட்டம். தெருமுனை ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறையை மூடுவதா வேண்டாமா என்று கை தூக்கி முடிவு செய்வார்களாம். துணி கொண்டுவந்த டிரைவர் சொல்லியிருந்தார். அவள் வீட்டுக்காரர் நான்கு வருஷமாக வாரம் இரண்டு நாள் அங்கேதான் கிடக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து போய் வந்துவிடுகிற தூரம். அதை மூடினால் பெரிய ஆஸ்பத்திரிதான். இரண்டு பஸ் மாற வேண்டும். ஊசி குத்திக் குத்தி முறுக்குக் கயிறாய்ப் புடைத்த அந்தக் கையோடு மனிதர் எதைப் பிடித்து ஏறுவார்?

பக்கத்துக் கடைத் தையல்காரர் சிரித்தார். "என்னக்கா, ஓட்டும் போட்டு வேண்டுதலும் வெக்கிறீங்க? பெத்த தாய்கூட அந்தாளுக்கு இவ்ளோ செஞ்சிருக்க மாட்டா."

"கிண்டல் பண்ணாதப்பா. பெரிய மனுஷங்க மனசுக்குள்ள நாம போய் நிக்க முடியுமா? சட்டைக்குள்ளதான் கொஞ்சம் போக முடியுது."

செவ்வாய் சாயங்காலம் தையல்காரர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். கூட்டத்தின் வீடியோ. தலைவர் எதையோ வாசித்தார். தெரு இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. கவுன்சிலரின் கைதான் முதலில் எழுந்தது. சட்டைக் கையின் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அவள் போட்ட மடிப்பு.

"தூக்கிட்டாருப்பா!" என்று கத்தியேவிட்டாள்.

தையல்காரர் போனை இறக்கினார். "அக்கா... மூடலாம்னு சொல்றவங்களத்தான் கை தூக்கச் சொன்னாங்க."

விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். "சாமி மேல தப்பில்லடி. நீ கேட்டத அப்படியே குடுத்துருச்சு. எதுக்குத் தூக்கணும்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கலாம்ல?" சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை மறுபடி கவுன்சிலர் வீட்டுத் துணி மூட்டை வந்தது. வலது கையை விரித்தவளுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. சபிக்க வாய் வரவில்லை. "அவர நல்லா வை" என்று தொடங்கினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். தேய்த்து மடித்து வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அந்த அறைக்குப் பூட்டு விழுந்தது. செவ்வாய் காலையில் இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். வந்தது. அவர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். மற்றக் கால் தரையை விட்டு வரவில்லை.

"ஏறுங்க பெரியவரே, நேரமாகுது," என்றார் கண்டக்டர், கோபமில்லாமல்தான்.

"ஒரு நிமிஷம், இதோ ஏறிடுவாரு," என்று சொல்லி அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகில் கொடுத்துத் தள்ளினாள். கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது. ஜன்னலோர முகங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. தரையில் இருந்த காலின் செருப்பு நழுவி பஸ்ஸுக்கு அடியில் போயிற்று. பஸ் உறுமிக்கொண்டே நின்றது.